முதலில் கயிறு, அப்புறம்தான் பூ

போன வருடம் ஆடியில், வண்டி வேடிக்கைக்கு (சேலத்து ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் வரும் ஊர்வலம்) முந்தின நாள் சாயங்காலம், எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு நான் மருதாணி போட்டுவிட்டேன். அதற்கு முந்தைய ஆடியில் கோனை எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. நடுவில் ஓடிய அந்த ஒரு வருடத்தில் எதைச் செய்ததால் கை படிந்தது, எதில் நாள் வீணாகப் போனது என்பதை, 34 வயதில் கோன் பிடித்தவளாக, புதிதாகக் கற்க நினைக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு சேலம் செவ்வாய்பேட்டையில். மாமனாருக்கு வெள்ளிக் கொலுசு வேலை. ஆடித் திருவிழா வந்துவிட்டால் கோட்டை மாரியம்மனில் தொடங்கி பேட்டைக்குப் பேட்டை கோவில்களில் பொங்கலும் மாவிளக்குமாக இருக்கும், அந்த நாட்களில் மருதாணி வைக்காத பெண் பிள்ளையை எங்கள் பக்கம் பார்க்க முடியாது. நான் சின்னவளாக இருந்தபோது அம்மா கொல்லைச் செடியில் இலை பறித்து, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து வைத்துவிடுவார். உள்ளங்கை நடுவில் ஒரு நிலா, சுற்றிலும் புள்ளி, விரல் நுனிக்கெல்லாம் தொப்பி. அவ்வளவுதான் டிசைன். ராத்திரி பூராவும் கையை நீட்டியபடியே தூங்கி, காலையில் பாயெல்லாம் உதிர்ந்து கிடக்கும். அந்தச் சிவப்பை இன்றைக்கும் எந்தக் கோனும் எனக்குக் கொடுத்ததில்லை.

அதனால் நான் முதலில் செய்த காரியம், அதே இலையை மிக்சியில் மைய அரைத்து கோனில் அடைத்ததுதான். இலையில் நார் இருக்கிறது, எவ்வளவு அரைத்தாலும் அது ஊசி ஓட்டையில் வந்து நின்றுகொள்ளும், அழுத்தினால் கோன் பின்பக்கம் பிய்த்துக்கொள்ளும். பச்சை இலை அம்மா மாதிரி அரைத்து அப்பி வைப்பதற்குத்தான், கோனில் கோடு இழுப்பதற்கு வேண்டியது காய்ந்த இலையை இடித்து மாவு மாதிரி சலித்த பொடி. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

அப்புறம் கடையில் கோன் வாங்கி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அரபிக் டிசைன் போட ஆரம்பித்தேன். ஏறக்குறைய இரண்டு மாதம். வீடியோவில் அந்தப் பெண் பத்து நிமிடத்தில் முடிக்கும் கொடியை நான் ஒரு மணி நேரம் போடுவேன், போட்டு முடித்தால் கோடெல்லாம் ஒரு இடத்தில் தடிமனாகவும் ஒரு இடத்தில் அறுந்தும் இருக்கும். டிசைன்தான் கஷ்டமானதாக எடுத்துவிட்டோம் என்று நினைத்து வேறு டிசைன், அதுவும் வரவில்லை என்றால் இன்னொன்று. அந்த இரண்டு மாதமும் அப்படியே போனது. புதிதாகக் கற்கிறவர்கள் நிறைய பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள், எனக்குக் கை வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், அதை நினைத்தால் உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது. கோளாறு கையில் இல்லை, ஆரம்பித்த இடத்தில் இருக்கிறது.

எனக்கு அதைச் சொன்னவர் கோட்டைப் பக்கம் இருக்கும் ஒரு அக்கா. ரம்ஜானுக்கு முந்தின ராத்திரி அவர் வீட்டு வாசலில் பெண் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு கைக்கு ஆறு ஏழு நிமிடம்தான் எடுத்துக்கொள்வார். தெரிந்தவர் மூலமாகப் போய்க் கேட்டேன். என் கையில் நானே போட்டிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூவெல்லாம் தானா வரும் கண்ணு, முதல்ல கயிறு விடப் பழகு" என்றார்.

கயிறு என்று அவர் சொன்னது கோன் முனையிலிருந்து இறங்கும் விழுதை. அவர் போடும்போது பக்கத்தில் குனிந்து பார்த்தேன். கோன் முனை தோலைத் தொடவே இல்லை. ஒரு நெல் உயரம் மேலே நிற்கிறது, அங்கிருந்து விழுது நூல் மாதிரி இறங்கி, கை நகர நகரத் தோல்மேல் படுத்துக்கொண்டே போகிறது. கோடு வளைய வேண்டிய இடத்தில் அவர் கோனை வளைக்கிறார், நூல் பின்னாலேயே வந்து வளைகிறது. நான் அதுவரை பேனா பிடித்து எழுதுவது மாதிரி முனையைத் தோலில் அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தேன். முனை தோலில் உரசினால் விழுது இரண்டு பக்கமும் பிதுங்கும், கோடு தடிக்கும், முனையும் அடைத்துக்கொள்ளும். இரண்டு மாதக் கோளாறுக்கும் காரணம் இந்த ஒரு நெல் உயரம்தான்.

அதற்கப்புறம் ஒன்றரை மாதம் நான் ஒரு பூகூடப் போடவில்லை. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன் முதுகில் நேர்கோடு, அடுத்து அலை, அடுத்து சுருள். தட்டு நிறைந்ததும் விழுதைச் சுரண்டி எடுத்து மறுபடி கோனில் போட்டுக்கொள்வேன், அதனால் செலவும் இல்லை. பழகுவதற்கு நிறம் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் பழைய பொடியே போதும். தட்டு வழுக்குகிறது என்று தோன்றினால் ஒரு தாளில் கோடு போட்டு அதன்மேல் கண்ணாடித் தாளை விரித்துக்கொள்ளலாம், அடியில் தெரிகிற கோட்டின்மேலேயே கயிறு விட்டுப் பழகலாம். தினம் இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் கட்டைவிரல் வலிதான் மிஞ்சும்.

அழுத்தம் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோனின் பின்பக்கத்தை, டூத்பேஸ்ட் தீரத் தீர மடிப்பது மாதிரி மடித்துக்கொண்டே வர வேண்டும், கட்டைவிரல் அந்த மடிப்புக்குக் கொஞ்சம் கீழே. நடுவில் பிடித்து அமுக்கினால் விழுது முன்னாலும் போகும், பின்னாலும் போகும். சுண்டுவிரலை மட்டும் எதிரே இருப்பவர் கையில் லேசாக ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாதி குறைந்துவிடும். இன்னொன்று, கோட்டை முடிக்கும் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும், உள்ளே மிச்சம் இருக்கும் வேகத்திலேயே கடைசித் துளி வந்துவிடும். முடிந்த பிறகு விட்டால் ஒவ்வொரு கோட்டின் கடைசியிலும் ஒரு குமிழ் நிற்கும். கண்ணீர்த்துளி வடிவம் வருவதே இப்படித்தான்: ஒரு இடத்தில் அழுத்தி ஒரு பொட்டு, அழுத்தத்தை விட்டுக்கொண்டே ஒரு இழுப்பு, வால் தானாகக் கூர்ந்துவிடும். அந்தத் துளி ஐந்தைச் சேர்த்தால் பூ, இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துக்கொண்டே போனால் கொடி, ஒன்றைப் பெரிதாக்கி முனையைச் சுருட்டினால் மாங்காய். எந்தக் கல்யாண டிசைனையும் பெரிதாக்கிப் பாருங்கள், புள்ளி, கோடு, அலை, துளி, சுருள், கட்டம், இவை தவிர வேறு எதுவும் இருக்காது.

இடைவெளி விஷயம் மாமனாரிடம் கற்றது. ஒருநாள் தட்டில் வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன், பட்டறையிலிருந்து சாப்பிட வந்தவர் நின்று பார்த்தார். கொலுசில் முத்து வைத்துப் பற்றவைத்து நாற்பது வருடம் பழகின கண். "முத்து ஒண்ணு ரெண்டு பெருசு சிறுசா இருந்தாக்கூடத் தெரியாதும்மா. இடைவெளி தப்பினா தெருவுல போறவனுக்கும் தெரிஞ்சுரும்" என்றார். அன்றைக்கிருந்து புள்ளியின் அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்தே வைக்கிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே வாரத்தில் கை மாறிவிட்டது. சுமாரான இலைகூடச் சம இடைவெளியில் வரிசையாக நின்றால் அழகாகத்தான் தெரிகிறது.

ரம்ஜான் ராத்திரியில் அக்கா என்னை ஓரமாக ஒரு பாயில் உட்காரவைத்து சின்னப் பிள்ளைகளைக் கொடுத்தார். கை நடுங்கியது, ஆனால் அந்த ஒரு ராத்திரியில் கற்றது மூன்று மாதப் பழக்கத்துக்குச் சமம். தட்டு அசையாது, குழந்தை அசையும். கைக்கு அடியில் ஒரு தலையணை வைக்க வேண்டும், வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும் (வலது கைக்காரர்களுக்கு, இல்லாவிட்டால் நம் கை நிழலே கோட்டின்மேல் விழும்), நம் கை ஊன்றும் பக்கத்தைக் கடைசியாகப் போட வேண்டும். தப்பு நேர்ந்தால் அந்த நொடியே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் விட்டுவிட்டு அதையே ஒரு இலையாக மாற்றிவிடுவது நல்லது, நல்ல விழுது ஒரு நிமிடத்திலேயே தோலில் தடம் விட்டுவிடும்.

இனி விழுது. கை எவ்வளவு நன்றாக வந்தாலும் விழுது சரியில்லை என்றால் மறுநாள் கையில் வெளிறிய ஆரஞ்சுதான் இருக்கும், எல்லா உழைப்பும் போச்சு. நான் பயன்படுத்துவது ராஜஸ்தான் சோஜத் பக்கத்துப் பொடி, அந்த ஊர் மெஹந்திக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலைக்குப் போடும் பொடி வேறு, கைக்குப் போடும் பொடி வேறு. கைக்கானது மும்முறை சலித்த பொடி என்று கேட்டு வாங்குங்கள், பச்சை வாசம் அடிக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் பழசு. என் கணக்கு: பொடி 100 கிராம், சர்க்கரை 25 கிராம், சுத்தமான நீலகிரித் தைலமோ லாவெண்டர் எண்ணெயோ 25 மில்லி, கலக்குவதற்கு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் 250 மில்லிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ. எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள், முதலில் கெட்டியாகப் பிசைந்து வைத்துவிட்டு சாயம் இறங்கிய பிறகு கடைசிப் பதத்துக்குக் கொண்டுவரலாம். கரண்டியைத் தூக்கினால் தோசை மாவு மாதிரி சொட்டக் கூடாது, தேன் மாதிரி நாடாவாக இறங்க வேண்டும். சர்க்கரைதான் கயிறுக்கு அந்த இழுவையைத் தருவது, அதுதான் விழுதைத் தோலில் ஒட்டியும் வைக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் நீலகிரித் தைலம் வேண்டாம், கைக்குழந்தைக்கு மருதாணியே வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு மருதாணியால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் ஆபத்து உண்டு, அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது.

இலைக்குள் இருக்கும் சாயத்தின் பெயர் லாசோன். புளிப்பும் ஈரமும் பட்டு அது மெல்ல வெளியே வர வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் தயாராகிவிடும், மழைக்காலத்தில் எட்டு பத்து மணி நேரம் ஆகும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள், பளிச்சென்று ஆரஞ்சு தெரிந்தால் தயார். அப்புறம் நைலான் துணியில் பிழிந்து வடிகட்டிக் கோனில் அடைத்துவிடலாம். மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்தால் பல வாரம் கெடாது. வெளியே வைத்தால் இரண்டு நாளில் சாயம் செத்துவிடும், பார்க்க விழுது மாதிரியே இருக்கும், பிடிக்காது.

இதைப் படிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பது ஒன்று உண்டு. பத்து நிமிடத்தில் சிவக்கும், கறுப்பாகவே பிடிக்கும் என்று சொல்கிற கோனை யாருக்கும் போடாதீர்கள். நான் கற்றுக்கொண்டிருந்த சமயம், அவசரத்துக்கு ஒரு கடையில் அப்படி ஒரு கோன் வாங்கி நாத்தனார் மகளுக்குப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. நாலாம் நாள் கொடி போட்ட வழியெல்லாம் தடித்து, கொப்புளம் வந்து நீர் கட்டியது, நான் போட்ட டிசைன் அப்படியே புண்ணாக அவள் கையில் நின்றது. தோல் மருத்துவர் பார்த்ததுமே சொன்னார், தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்கிற ரசாயனம்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும், தோலில் பூசுவதற்கானதே இல்லை, ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும், பின்னாளில் தலைக்கு டை அடித்தாலும் வரும் என்று. புண் ஆறிவிட்டது, மணிக்கட்டில் ஒரு வெளிறின தடம் இன்னும் இருக்கிறது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு நானே கலக்காத விழுதை யார் கையிலும் வைத்ததில்லை. இயற்கை மருதாணி ஒருநாளும் கறுப்பாகாது. விழுதை எடுத்ததும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், காற்றுப்பட்டு இரண்டு நாளில் கருஞ்சிவப்புக்கோ பழுப்புக்கோ வரும். அந்த இரண்டு நாளைக் காத்திருக்கச் சொல்லி எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எடுத்த உடனே பார்த்து, பிடிக்கவே இல்லை என்று முகம் வாடிவிடுவார்கள். பித்த உடம்பு, புருஷன் பிரியம் என்று காரணம் சொல்வதெல்லாம் பிரியமான பேச்சு, எனக்கும் பிடிக்கும். ஆனால் உள்ளங்கை கறுத்துச் சிவப்பதும் புறங்கை வெளிறி நிற்பதும் தோலின் தடிமனால்தான், அதனால் நல்ல நிறம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு டிசைனின் கனமான பகுதியை உள்ளங்கையில் வையுங்கள்.

இந்த வருடம் தை மாதம் முதல்முறையாகக் கல்யாணப் பெண்ணுக்குப் போட்டேன். கூடப் படித்தவளின் தங்கை, ஏற்காட்டில் காபித் தோட்டத்துப் பக்கம் வீடு. கல்யாணம் வெள்ளிக்கிழமை சேலத்தில், மருதாணி புதன்கிழமை மலையில். பிரஷ்ஷாகக் கலக்கினால் நன்றாக இருக்குமே என்று பொடியை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை மத்தியானமே பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டிப் போய், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கலக்கி மூடி வைத்தேன். சேலத்துக் கணக்கில் விடிவதற்குள் தயாராக வேண்டும். காலை ஏழு மணிக்குப் பொட்டு வைத்துப் பார்க்கிறேன், துடைத்தால் கையில் ஒன்றுமே இல்லை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், தை மாதக் குளிர், ராத்திரி பூராவும் கிண்ணம் ஜன்னலோரம் இருந்திருக்கிறது. சாயம் இறங்கவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பெண்ணின் பாட்டிதான் பதறாமல் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விறகடுப்பில் வெந்நீர்ப் பானை இருந்தது. விழுதை ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, துணி சுற்றி, பானை மூடிமேல் வைத்தோம். தொட்டால் கை பொறுக்கும் சூடுதான் இருக்க வேண்டும், கொதிக்க விட்டால் சாயம் கெட்டுவிடும். மூன்று மணி நேரத்தில் பொட்டு ஆரஞ்சாகத் தெரிந்தது. ஏற்காடு, ஊட்டி மாதிரி குளிர்ந்த இடத்துக்குப் போகிறவர்கள் கீழேயே கலக்கி, சாயம் இறங்கினதும் கோனில் அடைத்து எடுத்துப் போங்கள்.

குளிரில் இன்னொன்றும் இருக்கிறது, கை சில்லென்று இருந்தால் விழுது நல்லதாக இருந்தாலும் மெதுவாகத்தான் பிடிக்கும். போடுவதற்கு முன்னால் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து (எண்ணெய், க்ரீம் எதுவும் இருக்கக் கூடாது), கணப்பில் கையைக் காட்டிச் சூடாக்கினோம். போட்டு முடித்து மேலே லேசாகக் காய்ந்ததும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றினேன், தேய்க்கக் கூடாது, நிறையவும் கூடாது, வழிந்தால் கோடு கலங்கிவிடும். கடைசியில் வாணலியில் நாலு கிராம்பைப் போட்டுச் சூடாக்கி அந்தப் புகையில் கல்யாணப் பெண் கையைத் தூரமாகக் காட்டினாள். எட்டு மணி நேரமாவது விழுது கையில் இருக்க வேண்டும், அப்புறம் தண்ணீர் படாமல் மழுங்கின கத்தியால் சுரண்டிவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, முடிந்தால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கையை விடாமல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை மண்டபத்தில் பார்த்தேன். இடது கை, நான் இதுவரை போட்டதிலேயே அந்த மாதிரிச் சிவந்ததில்லை, கறுத்த மாதுளம்பழத் தோல் நிறம். வலது உள்ளங்கை மட்டும் இரண்டு படி குறைவு. என்ன ஆச்சு என்றேன். புதன்கிழமை காலையிலிருந்து காத்திருந்தவள் சாப்பிடவே இல்லையாம், நான் கிளம்பின இரண்டு மணி நேரத்தில் பசி தாங்காமல் வலது கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். இப்போதெல்லாம் யார் வந்து கையை நீட்டினாலும், கோனைத் தொடுவதற்கு முன்னால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தலையணையை எடுத்து வைக்கிறேன்.